கதவைத் தாழிட்டுச் சாப்பிட்டவர்

வடகரைக்கு வந்து மோட்டார் மசூது வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுவதை, அதாவது உள்ளே செம்புக் கம்பி சுற்றுவதை, விட்டு இருபது மாதம் ஆகிறது. பேர் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் அவருக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். என் பேர் கடற்கரை, வாடகைக் கார் ஓட்டுகிறேன். மசூது பாயைப் பற்றி ஊரில் ரெண்டு விதமாகப் பேசுகிறார்கள். பக்கவாதம் வந்த பிறகு மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, யார் வீட்டு விருந்திலும் கை நனைப்பதில்லை என்று ஒரு பேச்சு. தின்றால் திருப்பி ஆக்கிப் போட வேண்டுமே என்று ஒதுங்குகிறார் என்று இன்னொரு பேச்சு. ரெண்டும் தப்பு.

அவர் சவூதியில், தம்மாமில் பத்தொன்பது வருஷம் மோட்டார் கட்டியவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்கு வருவார், ரெண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். மகள் ஹஸீபாவை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தது எல்லாம் அவர் வீட்டம்மா ஜாஹிரா பீவிதான். ஒரு வழியாக அவர் ஊரோடு வந்து, அச்சன்புதூர் ரோட்டில் கடை போட்டு உட்கார்ந்த மூன்றாம் வருஷம் அந்த அம்மா கிட்னி கெட்டு இறந்துபோனார். ஹஸீபா மாப்பிள்ளை முஃபீதோடு சார்ஜாவில் இருக்கிறாள். அவளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிற வேலை. நாலு அறை வீட்டில் பாய் ஒருத்தர்.

காயில் கட்டும்போது அவர் யாரோடும் பேச மாட்டார். கம்பியைச் சுற்றச் சுற்ற மனசுக்குள் எண்ணிக்கை ஓடும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறும். அந்த நேரம் நாம் போய் நின்றால் இடது கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். முடித்த பிறகுதான், "ஆங், இப்பச் சொல்லு" என்பார். அப்பேர்ப்பட்ட பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. ஆடி மாதம், வெளியே சாரல். தென்னந்தோப்பு மோட்டார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வலது கை மரத்துப்போகிறது. கம்பி நழுவுகிறது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். பேசினால் எண்ணிக்கை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. இடது கையால் மீதியைச் சுற்றியிருக்கிறார். டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று நான் போனபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "இன்னும் பதினாறு" என்று குழறினார். நான் தூக்கிக் காரில் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில், ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம் என்றார்கள்.

பேச்சு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. வலது கை வரவே இல்லை.

இதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் சோற்றில் இடது கையை வைத்தால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பாய் ஜமாஅத்தில் இன்னும் கறார். பள்ளிவாசல் ஹஸ்ரத்தே வீட்டுக்கு வந்து, முடியாதவர்கள் இடது கையால் சாப்பிட்டால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் தலையாட்டினார். ஹஸ்ரத் தெருமுனை திரும்பியதும் என்னிடம், "அல்லா மன்னிச்சிருவான் கடற்கரை. பக்கத்து எலைக்காரன் பாப்பான்லா" என்றார்.

அதிலிருந்து கல்யாணம் என்றால் போவார், மாப்பிள்ளையைக் கட்டித் தழுவுவார், பந்தி விரிக்கும்போது கொல்லை வழியாக வந்துவிடுவார். கடைத்தெரு ஓட்டலிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வரும். வாங்கிக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். ஒருநாள் விஷயம் தெரியாமல் மதியம் ஒரு மணிக்கு நான் போய்த் தட்டினேன். கதவு திறக்க அத்தனை நேரம். தாடியில் ரெண்டு பருக்கை ஒட்டியிருந்தது.

"தூங்கிட்டேன்" என்றார்.

"தாடிக்கும் பசிச்சுட்டோ?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. நாலு நாள் என்னோடு பேசவில்லை.

ஹஸீபா தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். பேச்சு முடிகிறபோது அழுவாள், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்பாள். அந்த அழுகையை இவரால் தாங்க முடியவில்லை. நாலாம் மாதம் ஒருநாள், "கை சரியாயிட்டு மக்கா, சோறெல்லாம் நானே பெசஞ்சு திங்கேன்" என்று சொல்லிவிட்டார். அவளும் சந்தோஷமாக நம்பினாள். அது ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இந்தத் தையில் அவள் சொன்னாள்: நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வருகிறேன், எட்டு நாள் இருப்பேன், உங்களுக்கு நெய்ச்சோறு ஆக்கித் தருகிறேன்.

அன்றைக்குச் சாயந்தரம் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தென்காசியில கரண்ட் ஊசி போடுதாங்களாமே. என்னைக் கூட்டிட்டுப் போ. ரெண்டரை மாசத்துல இந்தக் கை ஒரு வாய் சோறு அள்ளணும்" என்றார்.

நான் காலையில் டீச்சர்கள் நாலு பேரைத் தென்காசியில் கொண்டுவிடுகிறவன். வாரத்தில் மூன்று நாள் முன் சீட்டில் இவரும் ஏறிக்கொண்டார்.

வைத்தியம் பார்த்தது நிவேதா என்ற டாக்டர், முப்பது வயது இருக்கும். தலையில், முழங்கை மடிப்பில், பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுச் சதையில் என்று மயிர் போல ஊசி குத்தி, அதில் கிளிப் மாட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து கரண்ட் விடுவார்கள். விட்டதும் விரல்கள் தன்னால் துடிக்கும். முதல் நாள் பாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் விரல் ஆடியது. பெட்டியை அணைத்ததும் பழையபடி கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் பண்பொழிக்காரி சந்தனமாரி. அவளுக்கும் வாதம்தான், இடது பக்கம். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"டாக்டரம்மா, இது போட்டா மூளையில புதுசு மொளைக்குமாமே, நெசமா?" என்று அவள்தான் கேட்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "செத்த செல் திரும்ப உயிர்க்காதும்மா. ஆனா மூளையில சில இடத்துல புது செல் உண்டாகும். வாதம் வந்த எலிகளுக்கு இப்படி ஊசி குத்தி கரண்ட் விட்டப்ப, அது கூடுதலா வந்ததுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. மனுஷ மூளையிலயும் இதேதான் நடக்குதுன்னு யாரும் உறுதியாச் சொல்லலை. நானும் சொல்ல மாட்டேன். சிலருக்குக் கை கால் கொஞ்சம் முன்னேறுது. உடற்பயிற்சியையும் பிரஷர் மாத்திரையையும் விட்டுட்டு இதை மட்டும் நம்பாதீங்க."

"எலிக்கு எப்படி வாதம் வந்துச்சு? அதுக்கும் மருமக இருக்காளோ?" என்றாள் சந்தனமாரி. அறையில் எல்லாரும் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை.

"காயில் கருகிட்டா பழசைப் பிடுங்கிட்டுப் புதுசு கட்டணும். உள்ள யாரு இருந்து கட்டுவா?" என்று டாக்டரைக் கேட்டார்.

"அதுவாவே கட்டுமான்னுதான் பாக்கோம் பாய்."

திரும்பும்போது காரில் வாய் ஓயவில்லை. எலிக்குக் கட்டுமாம், எலிக்குக் கட்டுமாம் என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு வாரத்தில் பெருவிரல் லேசாக உள்ளே மடங்கியது. பெட்டி அணைந்த பிறகும் மடங்கியது. அவ்வளவுதான். நாளோ ஓடுகிறது.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஊசி குத்தி கரண்ட் விட்டுவிட்டு டாக்டர் வெளியே யாரையோ பார்க்கப் போனார். பாய் தலையைத் தூக்காமல் மெதுவாகக் கூப்பிட்டார்.

"கடற்கரை, இந்தம்மா லோ வோல்டேஜ்ல விடுதா. லோ வோல்டேஜ்ல மோட்டாரு உறுமிக்கிட்டேதான் நிக்கும், சுத்தாது. அந்தக் குமிழைக் கொஞ்சம் திருப்பு."

"டாக்டரு வையும் பாய்."

"நான் முப்பது வருசம் கரண்ட்டோட பொழச்சவன். திருப்புலே."

திருப்பினேன். மோட்டார் தெரிந்தவர் சொல்கிறார் என்றுதான் திருப்பினேன். வலது கை அப்படியே மூடி ஒரு முஷ்டி ஆனது. பதினெட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் முஷ்டி. அவர் என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் ரவ" என்றார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கை தோள்வரை இழுத்துக்கொண்டு போனது. முழங்கையில் இருந்த ஊசி வளைந்தது. முகம் வெளுத்து, வேர்வை கொட்டி, கண் செருகிவிட்டது. "ஐயோ மனுசனக் கொல்லுதான்" என்று சந்தனமாரி போட்ட கூச்சலில்தான் டாக்டர் ஓடி வந்து பெட்டியை அணைத்தார்.

பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் வளைந்த ஊசியை உருவினார். "மோட்டாருக்குச் சூடேறினா புகை வரும். உங்களுக்கு வருமா? இன்னொருதரம் மூளையில ரத்தம் கசிஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அவரைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்க இனிமே உள்ள வராதீங்க" என்றார். மூன்று வாரம் ஊசி கிடையாது, பிரஷர் இறங்கட்டும் என்று அனுப்பிவிட்டார். இருந்த நாளில் மூன்று வாரம் இப்படிப் போனது. பாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த இடைவெளியில் ரமலான் வந்தது. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். பாய் ஒரு வாளியில் கஞ்சியை வாங்கி, இடது கையில் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வீட்டுக்குப் போவார். பாங்கு சொல்கிற நேரத்தில் தெருவில் வேறு ஒரு ஆள் இருக்க மாட்டான். நான் என் வீட்டுச் சன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன். பிறகு ஊசி ஆரம்பித்து ரெண்டு வாரம் ஆனது. பெருவிரலும் ரெண்டு விரலும் கிட்டத்தட்ட வந்து தொட்டன. பஞ்சை எடுக்க முடிந்தது. கையைத் தூக்கத்தான் தோளில் வலு இல்லை.

ஹஸீபா வந்துவிட்டாள். திருவனந்தபுரம் போய் நான்தான் கூட்டிவந்தேன்.

ரமலானுக்கு அடுத்த மாதத்தில், பெருநாள் கழித்து, ஆறு நோன்பு பிடிக்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. கட்டாயம் இல்லை, பிடித்தால் நன்மை. பாய் மகள் வந்து இறங்கிய அன்றே அதை ஆரம்பித்துவிட்டார். விடிவதற்கு முன்னால் தனியாக எழுந்து சாப்பிட்டு முடித்துவிடுவார். சாயந்தரம், "பள்ளியில போய்த் தொறந்துக்கிடுதேன் மக்கா" என்று கிளம்பிவிடுவார். அங்கே தொழ வந்த ஆட்கள் உள்ளே போன பிறகு, தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளு செய்கிற தொட்டிக் கல்லில் உட்கார்ந்து, ஒரு பேரீச்சம்பழத்தை இடது கையால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். ராத்திரி இஷாத் தொழுகையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், வயிறு நிறைந்துவிட்டது என்பார். வலது கையைத் தோள் துண்டுக்குள் மறைத்தபடி ஆறு நாள் இப்படி ஓட்டினார். அவள் ஆக்கிய வடையும் அடையும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன.

ஏழாம் நாள் நோன்பு இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பாய் என் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எங்க பாய்? இன்னைக்கு ஊசி கெடையாதுலா?"

"எங்கயாவது போ. நெய்ச்சோறு ஆக்குதா."

குற்றாலத்துக்குப் போனேன். பங்குனி வெயிலில் பாறை காய்ந்து கிடந்தது. அருவி இருந்த இடத்தில் ஒரு கயிறு கனத்துக்குத் தண்ணீர் ஒழுகியது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் இல்லை, கடைகளில் பாதி சாத்தியிருந்தது. ஒரு குரங்கு மட்டும் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து திரும்பிப் போனது. பாய் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குப் போன் அடித்தது. ஒன்றரைக்கு அடித்தது. ரெண்டு மணிக்கு எடுத்து, "காலுக்கு ஊசி போடக் கூட்டம் மக்கா, நீ சாப்பிடு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நெய்ச்சோத்துக்குப் பயந்து ஓடி ஒளியுத மனுசன இப்பதான் பாக்கேன். உண்மையச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவா."

"வரட்டுமே!"

"பத்தொம்பது வருசம் நான் அங்கன போய்க் கெடந்தது இவ நாலெழுத்து படிச்சு நல்லா இருக்கதுக்கு. இப்ப எனக்கு வாய் தொடைச்சுவிட இங்கன வந்து உக்காரவா? போலே." கம்பித் தடுப்பை விட்டுத் திரும்பி, "இன்னைக்கு ராத்திரியும் நாளைக்கு ஒரு நேரமும்தான். அப்புறம் போயிருவா" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹஸீபாவை ஏற்றினேன். ராத்திரி எட்டு மணிக்குத்தான் விமானம், ஆனாலும் முன்கூட்டியே போய்விடலாம் என்று பாய்தான் அவசரப்படுத்தினார். அவளிடம் காலைப் பசியாறலைக்கூட வழியில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வாசலில் நின்று இடது கையை ஆட்டினார்.

செங்கோட்டை தாண்டினோம். புளியரை வளைவில் வண்டி ஏறும்போது கேட்டாள்.

"கடற்கரை மாமா, வாப்பாவுக்கு என் மேல என்ன கோவம்?"

"கோவமா? ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எட்டு நாள் இருந்திருக்கேன். ஒரு நேரம்கூட என்கூட உக்காந்து சாப்பிடலை. நான் ஆக்குன சோத்தைத் தொடலை. படுத்துக் கெடந்தப்ப நான் வரலைல்லா, அதைத்தான் மனசுல வச்சிருக்காங்க. இனிமே வரலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

கேரள எல்லையில், கோட்டைவாசலில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டேன். கை சரியாகவில்லை என்பதை, தாழ்ப்பாளை, கஞ்சி வாளியை, தொட்டிக் கல்லை, நான் திருப்பிய குமிழை, எல்லாவற்றையும். பாய் என்னை மன்னிக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். லாரிகள் எங்களைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் அழவில்லை.

"நேரம் இருக்கா மாமா?"

"இருக்கு."

"திருப்புங்க."

வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டப்போன என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். அடுக்களைக் கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளித் திறந்தாள். நான் துவைக்கிற கல்லுக்கிட்டே நின்றுவிட்டேன்.

பாய் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் முந்தின நாள் நெய்ச்சோறு. பெருவிரலும் ரெண்டு விரலும் கொஞ்சம் சோற்றைக் கவ்வியிருந்தன. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, கிணற்றுவாளியைத் தூக்குவதுபோல வாய்க்குத் தூக்கிக்கொண்டிருந்தார். பாதி மடியில் விழுந்தது. மீதியை வாய் எட்டிப் பிடித்தது. தட்டைச் சுற்றித் தரையெல்லாம் சோறு. இடது கையால் அள்ளித் தின்றால் யார் கேட்கப்போகிறார்கள்? சோறு ஆக்கிய மகளுக்காகத்தான் அவர் இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகளின் நிழல் தட்டியதும் நிமிர்ந்தார். கை தட்டில் விழுந்தது.

"பிளைட்டு?"

"இருக்கு."

"பெறகு என்னத்துக்கு வந்த?"

"பசிக்கு. காலையில ஒண்ணும் தரலைல்லா நீங்க."

அவர் துண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. "நீ பாக்காத மக்கா" என்றார். அந்தக் குரலை நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை.

"பாக்கலை" என்றாள். ஒரு தட்டில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அவருக்குப் பின்பக்கம் போய், தரையில் கிடந்த சோற்றை ஒதுக்கி, அவர் முதுகில் தன் முதுகு படுகிற மாதிரி கொல்லைப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை, வாயும் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, சத்தம் காட்டாதே என்பதுபோல் தலையை அசைத்தாள்.

பிறகு தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. ஒரு வாய். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு வாய். அவள் தன் சோற்றை முடித்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. வெறும் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே அவருக்காக உட்கார்ந்திருந்தாள். நான் காருக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டரைக்கு முன்கதவின் தாழ்ப்பாள் திறந்தது. ரெண்டு பேரும் வந்தார்கள். பாய் சட்டையெல்லாம் நெய். என்னை ஒரு முறை முறைத்தார்.

"சொல்லிட்ட என்னா?"

"சொல்லிட்டேன்."

அவர் ஓரமாகக் காறித் துப்பினார். அவ்வளவுதான். அப்புறம் மகளிடம், வண்டிச் சன்னலுக்குக் குனிந்து, "வேலைய விடக் கூடாது" என்றார்.

"விடலை. நீங்களும் ஊசிய விடக் கூடாது."

"ம்." சட்டையில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிட்டார். "சோத்துல உப்பு கொறச்சல்."

"நேத்தே சாப்பிட்டிருந்தா நேத்தே போட்டிருப்பேம்லா?" என்றாள் ஹஸீபா.

பாய் சன்னலை விட்டு நிமிர்ந்தார். "எடு வண்டிய, நேரமாவுது" என்று என் மேல் பாய்ந்தார். எடுத்தேன்.